குரல்வளை மூடி வீங்கினால்: எபிகிளாட்டைடிஸை அறிவதும் சிகிச்சை அளிப்பதும்

தொண்டை வலி என்று யார் வந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரே ஒரு நோயில் அந்த வழக்கம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியும். அதுதான் எபிகிளாட்டைடிஸ், அதாவது குரல்வளை மூடியில் வரும் அழற்சி. இப்போது அபூர்வமாகிவிட்ட நோய். அபூர்வம் என்பதாலேயே, நேரில் பார்த்திராத இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் பெருகியிருக்கிறார்கள். பெற்றோருக்கோ பெயரே தெரியாது. எனவே வீட்டில் தொடங்கி ஐ.சி.யூ. வரை ஒவ்வொரு படியையும் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

வீங்குவது எது, அடைப்பது எப்படி

நாக்கின் வேருக்குப் பின்னால் இலை வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு நிற்கிறது. சோற்றை விழுங்கும்போது அது பின்பக்கம் மடிந்து குரல்வளையின் வாயை மூடும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகாது. அதன் மேலுள்ள சவ்வு தளர்வானது. கிருமி தொற்றினால் சில மணி நேரத்திலேயே நீர் கோத்து, மெல்லிய இலை செர்ரிப் பழம்போலச் சிவந்து உருண்டுவிடும். பக்கத்திலிருக்கும் மடிப்புகளும் சேர்ந்து வீங்கும். அடைப்பை உண்டாக்குவதில் அந்த மடிப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

குழந்தைக்கு இது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். 4 மி.மீ. அகலமுள்ள மூச்சுப்பாதையில் சுற்றிலும் 1 மி.மீ. வீக்கம் வந்தால் எஞ்சுவது 2 மி.மீ. காற்று போகும் பரப்பு நான்கில் ஒரு பங்காகும். காற்றை இழுப்பதற்கான தடை 16 மடங்கு கூடும். அது அமைதியாக மூச்சுவிடும்போது. குழந்தை வீறிட்டு அழுதால் காற்று சுழன்று பாய்வதால் தடை இன்னும் ஏறும். அழுகையின் வேகத்தில் உள்ளிழுக்கும் விசை, வீங்கிய மூடியையே குரல்வளையின் வாய்க்குள் இழுத்துச் செருகிவிடவும் கூடும். குழந்தையை அழவைக்கக் கூடாது என்று கீழே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு காலத்தில் இதற்கு முக்கியக் காரணம் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி வகை பாக்டீரியா, சுருக்கமாக ஹிப். பெயரில் இன்ஃப்ளுயன்ஸா இருந்தாலும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தடுப்பூசி வந்தபின் நோய் குழந்தைகளிடம் பெரிதும் குறைந்து, இப்போது பெரியவர்களிடம்தான் அதிகம் தென்படுகிறது. நிமோகாக்கஸ், ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆகியவையும் இதை உண்டாக்கும். கொதிக்கும் பானம், நீராவி, ஆசிட் பட்டுத் தொண்டை வெந்தாலும் இதே வீக்கம் வரும்.

நோய் எப்படிக் காட்சி தரும்

ஹிப்பால் வரும் நோய் பெரும்பாலும் 2 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம், மணிக்கணக்கில் முற்றுவது. காலையில் ஓடியாடிய பிள்ளை மதியம் தொண்டை வலிக்கிறது என்று சோற்றை ஒதுக்கும். மாலைக்குள் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும், முகம் வெளிறும், விளையாட்டு நின்றுவிடும். சளி, மூக்கொழுகல் என்று இரண்டு நாள் முன்னோட்டம் பெரும்பாலும் இருக்காது.

அந்த நிலையில் குழந்தை உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். படுக்கவைத்தால் உடனே எழுந்துவிடும். இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, உடம்பை முன்பக்கம் சாய்த்து, தாடையை நீட்டி, வாயைத் திறந்தபடி அசையாமல் இருக்கும். வாயோரம் எச்சில் வழிந்து சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கும், ஏனென்றால் தன் எச்சிலைக்கூட அதனால் விழுங்க முடியாது. கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பும். பேச்சு வந்தால் வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல அமுங்கி வரும். அடைப்பை விலக்கி மூச்சுவிட அந்தப் பிள்ளையே கண்டுபிடித்த நிலை அது. அதை யாரும் மாற்றக் கூடாது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது ஸ்ட்ரைடர் என்னும் ஒலி வரலாம். இங்கே அது மெல்லியதாக, குறட்டைபோல இருக்கும். "சத்தம் பெரிதாக இல்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம். பாதை நன்றாக அடைபட்டபின் ஒலி எழுப்பும் அளவுக்குக்கூட காற்று போகாது. இரைச்சலாக இருந்த குழந்தை அமைதியாகி, உதடு நீலம் பாய்ந்து, தலை தொங்கத் தொடங்கினால் அது களைத்து உறங்கும் அறிகுறி அல்ல, மூச்சு நிற்கப்போகிறது.

இருமல் பெரும்பாலும் இருக்காது. குரூப் என்னும் வைரஸ் நோயிலிருந்து இதைப் பிரித்தறிய முதல் தடயம் இதுவே. குரூப் சளியுடன் தொடங்கி ஓரிரு நாளில் வளரும். 6 மாதம் முதல் 3 வயதுவரை அதிகம். நாய் குரைப்பதுபோன்ற இருமலும் கரகரத்த குரலும் இருக்கும். ஆனால் குழந்தை தண்ணீர் குடிக்கும், எச்சில் ஒழுகாது. திடீரென்று, காய்ச்சலே இல்லாமல், சாப்பிடும்போதோ விளையாடும்போதோ மூச்சுத்திணறல் தொடங்கினால் வேர்க்கடலை, பட்டன்போல ஏதாவது சிக்கியிருக்கலாம். கழுத்தை ஒருபக்கமாகவோ பின்னாலோ விறைத்து வைத்திருந்தால் தொண்டைக்குப் பின்னால் சீழ்க்கட்டி இருக்கலாம். தடுப்பூசி போடாத குழந்தையின் கழுத்து வீங்கி மாட்டுக் கழுத்துபோல் தெரிந்தால் தொண்டை அடைப்பான் நோயை மறக்கக் கூடாது. இவற்றில் எது என்று வீட்டிலேயே தீர்மானிக்கத் தேவையில்லை. காய்ச்சல், எச்சில் ஒழுகல், அமுங்கிய குரல், முன்சாய்ந்த இருப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் எபிகிளாட்டைடிஸ் என்றே நினைத்து நடக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் ஆம்புலன்ஸ். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. "குழந்தைக்கு மூச்சு அடைக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை" என்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை குழந்தை அம்மா மடியிலோ, யாரிடம் அமைதியாக இருக்குமோ அவர் மடியிலோ, அது விரும்பும் நிலையில் உட்கார்ந்திருக்கட்டும். சுற்றிக் கூட்டம் வேண்டாம். வழியும் எச்சிலுக்குத் தோளில் ஒரு துண்டு போதும்.

செய்யக் கூடாதவற்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை அன்போடு செய்யப்படுகின்றன. "உள்நாக்கு வளர்ந்துவிட்டது" என்று கரண்டிக் காம்பில் உப்பும் மிளகும் தொட்டு உள்ளே அழுத்துவது, சளி எடுக்கிறேன் என்று விரலை விடுவது, ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்க அழைத்துப்போவது எதுவும் இந்த நேரத்தில் கூடாது. தொண்டையில் எது பட்டாலும் குமட்டும், குழந்தை அழும், குரல்வளை இறுகும். அந்த ஒரு நொடியில் பாதை முழுவதும் அடைபடலாம். ஆவி பிடிக்க வைக்காதீர்கள். தேன், கற்பூரவள்ளிச் சாறு, கஷாயம், காய்ச்சல் சிரப், தண்ணீர் என்று எதுவும் வாய்வழி வேண்டாம். விழுங்க முடியாத தொண்டையில் ஊற்றியது மூச்சுக்குழாய்க்கே போகும். சிறிது நேரத்தில் மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வயிறும் காலியாக இருப்பது நல்லது.

இதற்கு 1799-லேயே ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று, 67 வயதில், தொண்டை வலி தொடங்கி இரண்டு நாளுக்குள் இறந்தார். எபிகிளாட்டைடிஸ்தான் காரணம் என்று இன்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். வெல்லப்பாகும் வினிகரும் வெண்ணெயும் கலந்து கொடுத்தார்கள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை, குடிக்க முயன்றபோது மூச்சு முட்டியது. அன்றைய வழக்கப்படி மீண்டும் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். மொத்தம் 2 லிட்டருக்கும் மேல். மூன்று மருத்துவர்களில் இளையவரான எலிஷா டிக் மட்டும் மூச்சுக்குழாயைத் திறந்துவிடலாம் என்றார். மற்றவர்கள் ஒப்பவில்லை. இன்றைக்கும் இந்த நோயில் தேவைப்படுவது அவர் சொன்னதுதான்: முதலில் காற்றுக்கு வழி, பிறகு மருந்து.

வண்டி வருவதற்குள் குழந்தை நினைவிழந்து மூச்சு நின்றால், கீழே கிடத்தி உடனே சி.பி.ஆர். தொடங்குங்கள். மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி 30 முறை அழுத்தி, வாயோடு வாய் வைத்து 2 முறை மெதுவாக ஊதுங்கள். அதுவரை மூடிக்கிடந்த பாதை, வெளியிலிருந்து அழுத்தி ஊதும் காற்றுக்குப் பெரும்பாலும் வழிவிடும். எனவே கைவிடாதீர்கள்.

முதலில் வந்து சேரும் சிறிய மருத்துவமனையில்

சந்தேகம் வந்த நொடியில் செய்ய வேண்டியது போன் செய்வதுதான். மயக்க மருந்து டாக்டரும் இ.என்.டி. டாக்டரும் தியேட்டரும் தயாராக இருக்கும் மருத்துவமனை எது என்று கேட்டு, "எபிகிளாட்டைடிஸ் சந்தேகம், மூச்சுப்பாதை ஆபத்தில்" என்று சொல்லிவிட்டே அனுப்ப வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் அங்கே கேஷுவாலிட்டியில் சீட்டு எழுதவே அரை மணி போய்விடும்.

அதற்குள் வேறு எதுவும் செய்யக் கை துடிக்கும். டிரிப் போட வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், இடுப்பில் காய்ச்சல் ஊசி வேண்டாம், நாக்கை அழுத்திப் பார்க்க வேண்டாம், படுக்கவைத்து எக்ஸ்ரே வேண்டவே வேண்டாம். ஆக்சிஜனை மாஸ்க்காக முகத்தில் இறுக்காமல், நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வேகத்தில் அம்மாவின் கையால் முகத்தருகே பிடிக்கச் செய்யலாம். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை அழாமல் மாட்ட முடிந்தால் மாட்டுங்கள். அளவு 97 காட்டினாலும் ஏமாற வேண்டாம்; ஆக்சிஜன் ஓடும்போது அந்த எண் கடைசியில்தான் விழும்.

அட்ரினலின் நெபுலைசர் குரூப்பில் நன்றாக வேலை செய்யும். இந்த நோயில் அதன் பயன் நிரூபிக்கப்படவில்லை. மாஸ்க்கைப் பார்த்துக் குழந்தை மிரண்டால் கேடுதான் மிஞ்சும். அதற்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது.

ஆம்புலன்ஸில் குழந்தை அம்மா மடியிலேயே உட்கார்ந்து போகட்டும். கூடவே, மாஸ்க் வழியே கையால் காற்றைச் செலுத்தும் ஆம்பு பேக்கை அழுத்தத் தெரிந்த ஒருவர் போக வேண்டும். வழியில் மூச்சு நின்றால் இருவராகச் செய்யுங்கள்: ஒருவர் தாடையைத் தூக்கி இரண்டு கையாலும் மாஸ்க்கைக் காற்று கசியாமல் முகத்தில் பொருத்த, மற்றவர் முழு ஆக்சிஜனோடு பேக்கை மெதுவாக, நீளமாக அழுத்த வேண்டும். குழந்தைகளுக்கான பேக்கில் அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு ஒன்று இருக்கும். அதைப் பூட்டாவிட்டால் காற்று உள்ளே போகாமல் வால்வு வழியே வெளியேறிவிடும். பதற்றத்தில் பலர் தவறவிடும் இடம் இது.

ஆபரேஷன் தியேட்டரில்

இங்கே வரும்வரை நோயை உறுதிசெய்ய அவசரமில்லை. உறுதிசெய்வதும் சிகிச்சை தொடங்குவதும் ஒரே கணத்தில், குரல்வளையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் கருவி உள்ளே போகும்போது நடக்கும். எக்ஸ்ரே பற்றி எல்லாரும் கேட்பதால் சொல்கிறோம்: கழுத்தின் பக்கவாட்டுப் படத்தில் வீங்கிய மூடி, கட்டைவிரலைப் பக்கவாட்டில் பார்த்ததுபோலத் தெரியும். ஆனால் படம் இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூச்சு சீராக உள்ளவரிடம், சந்தேகம் குறைவாக இருக்கும்போது, மருத்துவர் பக்கத்தில் நிற்க, உட்காரவைத்து எடுத்தால்தான் அதற்குப் பொருள்.

மயக்கம் கொடுக்கும் முன்பே மேசையில் எல்லாம் திறந்து இருக்க வேண்டும்: இயங்கும் சக்‌ஷன், மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் விறைப்பான குழல் கருவியான ரிஜிட் பிராங்கோஸ்கோப், கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறக்கும் டிராக்கியாஸ்டமிக்கான செட், கையுறை மாட்டிய இ.என்.டி. டாக்டர். மூச்சுவிட மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் டியூபின் அளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கஃப் (காற்று கசியாமல் அடைக்கும் சிறு பலூன்) இல்லாத டியூபுக்கு வயதை நான்கால் வகுத்து 4 கூட்டுவது வழக்கமான கணக்கு. 4 வயதுக்கு 5.0 மி.மீ. இங்கே வீக்கம் இருப்பதால் அரை முதல் ஒரு மி.மீ. சிறியதே போகும். 4.5, 4.0 இரண்டையும், இன்னும் சிறிய 3.5 ஒன்றையும், உள்ளே ஸ்டைலெட் என்னும் கம்பி மாட்டி வைத்திருங்கள்.

குழந்தை உட்கார்ந்த நிலையில், முடிந்தால் அம்மா மடியிலேயே, 100 சதவீத ஆக்சிஜனில் செவோஃப்ளூரேன் என்னும் மயக்க வாயு முகர வைக்கப்படும். பாதை குறுகியிருப்பதால் மயக்கம் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் ஏறும். அவசரப்பட்டு நரம்பில் மருந்து தள்ளக் கூடாது. தானாக மூச்சுவிடுவதை நிறுத்தக் கூடாது, தசை தளர்த்தும் மருந்து டியூப் உள்ளே போகும்வரை கூடாது. தசை தளர்ந்தால் அதுவரை திறந்திருந்த கொஞ்சப் பாதையும் சரிந்துவிடும். நினைவு போனபின் மெல்லப் படுக்கவைத்து, மாஸ்க்கில் சிறிது தொடர் அழுத்தம் கொடுத்து, நரம்பு ஊசி போட்டு, மயக்கம் ஆழமான பிறகே லாரிங்கோஸ்கோப்.

உள்ளே பார்த்தால் வழக்கமான அடையாளம் எதுவும் தெரியாது. சிவந்த உருண்டை ஒன்று மட்டும் இருக்கும். வழி எது என்று தெரியாதபோது உதவியாளர் மார்பை லேசாக அழுத்தினால் ஓரிடத்தில் எச்சில் குமிழி எழும். அந்தக் குமிழியைக் குறிவைத்து டியூபைச் செலுத்துங்கள். முடியாவிட்டால் பிராங்கோஸ்கோப், அதுவும் முடியாவிட்டால் டிராக்கியாஸ்டமி. டியூப் போனபின் வாய்வழி டியூபை மூக்குவழிக்கு மாற்றுவது பல இடங்களில் வழக்கம். குழந்தை கடிக்காது, எளிதில் நழுவாது. கிருமியை வளர்த்துக் கண்டறிய ரத்தக் கல்ச்சரும் மூடியின் மேல் ஸ்வாபும் எடுக்க இதுதான் நேரம்.

அடைப்பு நீங்கியதும் டியூபில் இளஞ்சிவப்பு நுரை பொங்கினால் திகைக்க வேண்டாம். அடைபட்ட பாதையை எதிர்த்து இழுத்ததால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. வென்டிலேட்டரில் மூச்சின் முடிவில் அழுத்தம் நிற்கும்படி வைத்தால் பெரும்பாலும் விரைவில் வடியும்.

மருந்துகள்

அடிப்படை மருந்து செஃப்ட்ரியாக்சோன். குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 முதல் 100 மி.கி., ஒரு டோஸ் 2 கிராமைத் தாண்டாமல். 14 கிலோ குழந்தைக்கு 100 என்று கணக்கிட்டால் 1,400 மி.கி. பெரியவருக்கு நாளுக்கு 2 கிராம். ரிங்கர் லாக்டேட் ஓடும் அதே குழாயில் இதைக் கலந்து ஏற்றக் கூடாது; அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும். நிலை கடுமையாக இருந்தாலோ மெத்திசிலினுக்கு மசியாத ஸ்டஃப் கிருமியின் சந்தேகம் இருந்தாலோ வான்கோமைசின் சேர்க்க வேண்டும்: குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றுங்கள், வேகமாகப் போனால் உடம்பெல்லாம் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். ஆம்பிசிலின் மட்டும் போதாது. அதை உடைக்கும் என்சைம் ஹிப் கிருமிகள் பலவற்றிடம் உண்டு. மொத்தம் 7 முதல் 10 நாள்.

டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டைப் பல இடங்களில் கொடுக்கிறார்கள். இந்த நோயில் அது பலன் தருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொடுப்பதில் தவறில்லை; ஆனால் அதை நம்பி டியூப் போடுவதைத் தள்ளிப்போடுவது தவறு.

காய்ச்சல் இறங்கி, டியூபைச் சுற்றிக் காற்று கசியத் தொடங்கி, நேரில் பார்க்கும்போது வீக்கம் வற்றியிருந்தால் டியூபை எடுக்கலாம். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்தில் இது நடக்கும். அதுவரை குழந்தையின் கை டியூபை எட்டாதபடி பார்ப்பதும் போதிய மயக்கத்தில் வைப்பதும் செவிலியரின் பெரிய பொறுப்பு. டியூபைத் தானே பிடுங்கிக்கொண்ட குழந்தைக்கு மீண்டும் போடுவது முதல் முறையைவிடக் கடினம்.

பெரியவர்களிடம் வேறு முகம்

பெரியவருக்கு ஓரிரு நாளாகத் தொண்டை வலி. விழுங்கினால் உயிர் போகும் வலி. ஆனால் வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் சாதாரணமாக இருக்கும். இந்தப் பொருத்தமின்மைதான் முதல் தடயம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்கு மேலே லேசாகத் தொட்டாலே துடிப்பார். சாதாரணத் தொண்டைப்புண் என்று மாத்திரை எழுதி அனுப்பப்பட்டு மறுநாள் மூச்சுத்திணறலோடு திரும்புகிறவர்களில் பலர் இவர்களே.

பெரியவரை உட்காரவைத்து, மெல்லிய நெகிழ் எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டு இ.என்.டி. டாக்டர் நேரில் பார்ப்பதே உறுதியான பரிசோதனை. எல்லாருக்கும் டியூப் தேவைப்படாது, பலரை ஐ.சி.யூ.வில் உட்காரவைத்துக் கண்காணித்து மருந்திலேயே குணப்படுத்தலாம். ஸ்ட்ரைடர், எச்சில் ஒழுகல், படுக்க முடியாமை, சில மணி நேரத்தில் முற்றிய வேகம், சர்க்கரை நோய், மூடியில் சீழ்க்கட்டி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் மூச்சுப்பாதையைப் பாதுகாப்பதே நல்லது. மூச்சுத் திணறுபவரை சி.டி. மேசையில் படுக்கவைப்பது பெரிய தவறு.

டியூப் போடுவதானால், விழிப்பிலேயே லிக்னோகெயினால் தொண்டையை மரக்கச் செய்து, உட்கார்ந்த நிலையில் ஃபைபர் ஆப்டிக் கருவியின் மேல் செலுத்துவது ஒரு நல்ல வழி. அதற்கு முன்பே அவசரத்தில் வெட்டி மூச்சுக்கு வழி திறக்கும் இடமான, கழுத்தின் கிரிகோதைராய்டு சவ்வை மார்க்கர் பேனாவால் குறித்து, 10-ஆம் எண் பிளேடு, டியூபுக்கு வழிகாட்டும் பூஜி, கஃப் உள்ள 6.0 டியூப் மூன்றையும் தட்டில் வையுங்கள். வழி அடைபட்டபின் தடவித் தேடினால், வீங்கிய கழுத்தில் அந்தச் சவ்வு கைக்கு அகப்படாது. சிறு குழந்தைகளுக்கு இந்த வெட்டு ஏற்றதல்ல. அவர்களுக்கு ஊசி வழி அல்லது டிராக்கியாஸ்டமி.

வீட்டிலிருப்பவர்களும் தடுப்பூசியும்

கல்ச்சரில் ஹிப் வந்தால் வேலை நோயாளியோடு முடிவதில்லை. மருந்து தொடங்கிய முதல் 24 மணி நேரம் அருகில் செல்பவர்கள் மாஸ்க் அணிய வேண்டும். வீட்டில் தடுப்பூசி முழுமையாகப் போடாத 4 வயதுக்குட்பட்ட குழந்தையோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால், வீட்டிலுள்ள அனைவருக்கும் ரிஃபாம்பிசின்: கிலோவுக்கு 20 மி.கி., உச்சம் 600 மி.கி., நாளுக்கு ஒருமுறை, 4 நாள். ஒரு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். கருத்தடை மாத்திரையின் வேலையையும் இது குறைக்கும். அதையும் கேட்டறிய வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் பெற்ற நோயாளிக்குத் தனியாக ரிஃபாம்பிசின் தேவையில்லை. அந்த மருந்தே தொண்டையிலிருக்கும் கிருமியை ஒழித்துவிடும்.

ஹிப் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, இலங்கையில் 2008-இலும் இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரிலும் அரசுத் திட்டத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் 6, 10, 14 வாரங்களில் மூன்று டோஸ். அரசு அட்டவணையில் ஹிப் பூஸ்டர் இல்லை. குழந்தை மருத்துவர்களின் அட்டவணையில் ஒன்றரை வயதையொட்டி ஒன்று உண்டு. தடுப்பூசி அட்டையில் மூன்று தேதியும் நிரம்பியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தவறிப்போய் குழந்தைக்கு 15 மாதம் தாண்டியிருந்தால், 5 வயதுவரை ஒரே டோஸ் போதும். இரண்டு வயதுக்குள் ஹிப் நோய் வந்து பிழைத்த குழந்தைக்கும் தடுப்பூசியைத் தொடர வேண்டும். அந்த வயதில் நோய் வந்து போவதால் மட்டும் உடம்பில் போதிய எதிர்ப்பு உண்டாகும் என்று நம்ப முடியாது. மண்ணீரல் அகற்றப்பட்ட பெரியவர் முன்பு போட்டிருக்காவிட்டால் அவருக்கும் ஒரு டோஸ் தேவை.